சீனத்து அமரர் காதல் தொடர்கள்: புதிதாகப் பார்க்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வானுலகில் பல்லாயிரம் ஆண்டு வாழும் ஒருவர். மண்ணில் அறுபது எழுபது ஆண்டுக்குள் வாழ்ந்து முடிக்கும் இன்னொருவர். இவர்கள் ஒருவர்மேல் ஒருவர் உயிரை வைத்தால் என்ன ஆகும்? சீனத் தொலைக்காட்சி இந்தக் கேள்வியை இருபது ஆண்டுகளாக விதவிதமாகக் கேட்டு வருகிறது. இந்த வகைக்கு ஷியன்ஷியா என்று பெயர். வாள்வீரர் கதைகளான வூஷியாவில் ஆட்கள் கூரைக்குக் கூரை தாவுவார்கள், ஆனாலும் மனிதர்கள்தான். ஷியன்ஷியாவில் தவம், மந்திரம், மறுபிறவி, தேவலோகம், அசுரர் படை எல்லாம் உண்டு.

புதிதாகப் பார்க்க வருகிறவர்களில் பலர் மூன்றாவது நான்காவது எபிசோடிலேயே விட்டுவிடுகிறார்கள். கதை பிடிக்காமல் அல்ல. இது எந்த உலகம், இது எந்தப் பிறவி, நேற்று ஒரு பெயரில் இருந்தவளுக்கு இன்று ஏன் வேறு பெயர் என்று பிடிபடாமல் களைத்துப் போகிறார்கள். இந்தக் கதைகளை நான் மிகவும் நேசிக்கிறேன். அதனால்தான் அந்தக் களைப்பு யாருக்கும் வரக்கூடாது என்று இதை எழுதுகிறேன்.

முதல் தொடரைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

"எதிலிருந்து தொடங்கலாம்?" என்று கேட்டால் பெரும்பாலான ரசிகர்கள் 'எடர்னல் லவ்' என்பார்கள். 2017இல் யாங் மி, மார்க் சாவ் நடித்து வந்த 58 எபிசோடு தொடர் அது. சீனாவுக்கு வெளியே இந்த வகைக்குப் பெரும் கூட்டத்தைச் சேர்த்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனாலும் அதை முதலில் பார்க்க நான் சொல்ல மாட்டேன். அதில் நாயகிக்கு மூன்று பெயர்கள், மூன்று வாழ்க்கைகள். நாயகனாக நடிப்பவரே இன்னொரு முக்கியப் பாத்திரத்திலும் வருகிறார். பழகாத கண்ணுக்கு அது பெரிய சுமை.

முதலில் 'லவ் பிட்வீன் ஃபேரி அண்ட் டெவில்' பாருங்கள். 2022இல் ஐச்சியி (iQIYI) என்ற சீன இணையத் தளத்தில் வந்தது, 36 எபிசோடு. மனிதர்களின் விதி ஏடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கும், யாரும் மதிக்காத சின்னஞ்சிறு பூத்தேவதை ஒருத்தி. சிறைப்பட்டுக் கிடந்த, உணர்ச்சியே அற்ற ஓர் அசுரத் தலைவன். தற்செயலாக அவனை அவள் விடுவித்துவிடுகிறாள், இருவரின் உடலும் மாறிப்போகிறது. எஸ்தர் யூவும் டிலன் வாங்கும் அந்த உடல் மாற்றத்தை நடித்திருக்கும் விதத்துக்காகவே பார்க்கலாம். இருவருமே மனிதர்கள் அல்லர் என்பது உண்மை. ஆனால் கதை நடுவில் மானிட உலகத்து ஊர் ஒன்றுக்கு இறங்கும், அங்கேதான் அதன் இதயம் இருக்கிறது. சிரிப்பு நிறைய, முக்கியப் பாத்திரங்கள் குறைவு. உலகங்கள், பதவிகள், சாபங்கள் எல்லாம் வலியில்லாமல் மனத்தில் ஏறிவிடும்.

இரண்டாவதாக 'எடர்னல் லவ்'வுக்குப் போங்கள். மூன்றாவது எது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அமரர் என்றால் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

சப்டைட்டிலில் வரும் 'இம்மார்ட்டல்' என்ற சொல்லை நாம் உடனே தேவர் என்று எடுத்துக்கொள்கிறோம். முழுக்கச் சரியல்ல. சீனர்களின் 'ஷியன்' நம் சித்தர்களுக்குத்தான் நெருக்கம். தவத்தாலும் மூச்சுப் பயிற்சியாலும் மருந்தாலும் உடலைச் சாவிலிருந்து விலக்கிக்கொண்டவர்கள். தாவோ மதத்தின் ஆழத்திலிருந்து வந்த எண்ணம் இது. போகர் சீனம் போய் வந்தார் என்று நம் சித்தர் மரபு சொல்வது நினைவுக்கு வந்தால் அதில் வியப்பில்லை. மறுபிறவி, கர்மவினை ஆகியவை பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து அங்கே போனவை. இரண்டும் கலந்த நிலத்தில்தான் இந்தக் கதைகள் முளைத்தன.

எனவே பிறப்பால் தேவரானவர், தவத்தால் அமரரானவர் என்று இரு சாரார் இருப்பார்கள். விலங்கோ செடியோ தவம் செய்து மனித உருவம் பெற்றால் அது வேறு இனம். அசுரர், ஆவிகள் தனி. எல்லோருக்கும் கீழ்த்தட்டில் மனிதர்கள். 'எடர்னல் லவ்'வில் வரும் பதவி ஏணி இந்த வகைக்கு நல்ல மாதிரி: சாதாரண அமரர், மேல்நிலை அமரர், மேல்நிலைத் தெய்வம். படி ஏறும்போதெல்லாம் வானத்து இடி அவர்மேல் விழும். தாங்கினால் பதவி, தாங்காவிட்டால் சாம்பல். ஒருவருக்கான இடியை இன்னொருவர் தம் முதுகில் வாங்கிக்கொண்டால், அது வாயால் சொன்ன எந்த வாக்கைவிடவும் பெரியது. அப்படி ஒரு காட்சி வரும்போது பேச்சே இருக்காது. கவனமாகப் பாருங்கள்.

இரண்டு கடிகாரங்களை மனத்தில் ஓட விடுங்கள்

என்னைக் கேட்டால், இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

வானில் ஒரு நாள், மண்ணில் ஓராண்டு. சீனக் கதைகளில் வேரூன்றிய கணக்கு இது. பல தொடர்கள் இதையே பின்பற்றுகின்றன. அறுபது வயது வரை வாழும் ஒரு மனிதரின் முழு ஆயுளும் மேலே இரண்டு மாதம். அமரன் ஒருவன் அரண்மனை விருந்துக்குப் போய்விட்டு மறுநாளே திரும்புகிறான் என்றால், கீழே குடிசையில் இருப்பவள் ஓராண்டு காத்திருக்கிறாள். பனி பெய்து, உருகி, பீச் மரம் பூத்து உதிர்ந்திருக்கும். அவன் அலட்சியமாக இருக்க வேண்டியதே இல்லை. ஒரு நாள் தாமதித்தாலே போதும்.

காதல் காட்சி எதைப் பார்த்தாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இப்போது யாருடைய நேரம் செலவாகிறது? அமரருக்குச் செலவழிக்க வற்றாத காலம் இருக்கிறது. மனிதருக்கு ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியை முழுசாக ஒருவருக்குக் கொடுத்துவிடுகிறவர்தான் இந்தக் கதைகளில் பெரியவர். மலையைப் பிளக்கிற வலிமை இருந்தும், இன்னும் ஒரு நாளைச் சேர்த்துத் தர அமரரால் முடியவில்லை. பார்க்கிறவர் நெஞ்சு கனப்பது அந்த இடத்தில்தான்.

எழுபதாயிரம் ஆண்டு, முந்நூறு ஆண்டு என்று வரும் எண்களைக் கூட்டிக் கழிக்க உட்காராதீர்கள். நூறுகளில் வந்தால் பிரிவு, ஆயிரங்களில் வந்தால் வயது அல்லது பழைய போர் என்று கொண்டால் பெரும்பாலும் பொருந்தும். 'எடர்னல் லவ்'வில் நாயகிக்கு வயது ஒரு லட்சத்து நாற்பதாயிரம், நாயகனுக்கு ஐம்பதாயிரம். தன்னைவிட இவ்வளவு இளையவனா என்று அவள் தயங்குவதும் அவன் அதைக் கொஞ்சமும் பொருட்படுத்தாததும் அந்தத் தொடரின் இனிமைகளில் ஒன்று.

ஒரு தாளில் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள்

பேனாவும் தாளும் போதும். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு வரி. அந்த வரியில் பிறவி மாற மாறப் பெயரை எழுதிக்கொண்டே போங்கள். 'எடர்னல் லவ்'வில் யாங் மியின் வரி இப்படி இருக்கும்: குன்லுன் மலையில் ஆண் வேடத்தில் கல்வி கற்கும் சி யின், நினைவும் மந்திரமும் இழந்து மண்ணில் கிடக்கும் சூ சூ, ச்சிங்ச்சியூ நாட்டின் ஒன்பதுவால் நரிக் குலத்து அரசி பாய் ச்சியென். மார்க் சாவ் நடிப்பது இரு வேறு ஆட்களாக என்பதால் அவருக்கு மட்டும் இரண்டு வரி: ஆசான் மோ யுவான், தேவலோகத்துப் பட்டத்து இளவரசன் யே ஹுவா. இந்த ஐந்து பெயரும் தெரிந்தால் தொடரில் பாதிக் குழப்பம் போய்விடும். ஒன்பதுவால் நரி இத்தொடருக்காகக் கற்பனை செய்ததல்ல, 'மலைகள் கடல்களின் நூல்' என்ற பழஞ்சீன ஏட்டிலேயே ச்சிங்ச்சியூவும் அந்த நரியும் இருக்கின்றன.

மானிட உலகப் பகுதியைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள்

தேவலோகச் சண்டை, அரண்மனை, வாள் எல்லாம் பார்த்துப் பழகியபின், கதை திடீரென்று ஒரு மண்வீட்டுக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் இறங்கும். "இது இழுவை" என்று பலர் வேகமாக ஓட்டிவிடுகிறார்கள். நான் உறுதியாகச் சொல்வேன், அதைவிடப் பெரிய இழப்பு இந்த வகையில் இல்லை.

இறங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. முதலாவது, சோதனை. அமரர் தம் நினைவை இழந்து மனிதராகப் பிறந்து, பசி, நோய், காதல், சாவு எல்லாவற்றையும் பட்டு மீள வேண்டும். சப்டைட்டிலில் 'டிரையல்' என்றோ 'டிரிபுலேஷன்' என்றோ வரும். 2018இல் வந்த 'ஆஷஸ் ஆஃப் லவ்' தொடரில் நாயகனும் நாயகியும் இப்படி இறங்கி, அவன் அரச குலத்தவனாகவும் அவள் மருத்துவம் செய்யும் புனிதப் பெண்ணாகவும் சந்திப்பார்கள். இரண்டாவது, தண்டனை அல்லது காயம். மூன்றாவது, ஒருவரைத் தேடி வருவது.

'எடர்னல் லவ்'வின் சூ சூ பகுதியை எடுத்துக்கொள்வோம். கதையின் முதல் பாதிக்குள் வருவதுதான், முடிவை நான் உடைக்கவில்லை. அடிபட்ட சிறு கரும்பாம்பு என்று நினைத்து அவள் ஒன்றைக் காப்பாற்றி வளர்க்கிறாள். அது தேவலோக இளவரசன் யே ஹுவா. அவளை விட்டுப் போக மனமில்லாமல், பிறகு மனித உருவில் தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டு அவள் வாசலில் வந்து விழுகிறான். உயிரைக் காப்பாற்றியதற்கு என்ன கைம்மாறு செய்யட்டும் என்று கேட்கிறான். என்னைக் கட்டிக்கொள் என்கிறாள். வானத்தையும் நிலத்தையும் சாட்சி வைத்து இருவரும் வணங்கி மணந்துகொள்கிறார்கள், வந்தவர் போனவர் யாருமில்லை. சமையல், விறகு, சின்னச் சின்னக் கோபம். இவ்வளவுதான் அந்தப் பகுதி. பின்னால் தேவலோகத்தில் அவளுக்கு ஒரு மதிப்பும் இல்லை என்று தெரியவரும்போது, அந்த விறகும் சமையலும்தான் நமக்கு நினைவுக்கு வரும். அதை ஓட்டிவிட்டவருக்குப் பின்னால் வரும் துயரம் சத்தமாக மட்டுமே கேட்கும்.

"இவ்வளவு சக்தி இருந்தும் அவன் ஏன் மந்திரத்தால் காப்பாற்றவில்லை?" என்று இங்கே எல்லோருக்கும் தோன்றும். மானிட உலகில் மந்திரம் பயன்படுத்தினால் அது செய்தவர்மேலேயே திருப்பி அடிக்கும் என்பது விதி. மனித விதியில் கை வைத்தாலும் அப்படித்தான். எனவே அமரன் ஒருவன் கீழே சின்ன மந்திரம் செய்தால்கூட அதற்கு ஒரு விலை உண்டு. இருமினால், முகம் வெளுத்தால் கவனியுங்கள். எதையோ கொடுத்திருக்கிறான்.

சில அடையாளங்களைப் பழகிக்கொள்ளுங்கள்

சிவப்பு நூல்: நிலாக் கிழவர் என்னும் தெய்வம் யாருக்கு யார் என்று கட்டிவிடுவது. தாங் அரச மரபுக் காலத்துக் கதையிலேயே அவர் இருக்கிறார். மெங் பாட்டியின் வடிசாறு: பாதாளத்தில் நைஹெ பாலத்தருகே குடித்தால் முற்பிறவி மறக்கும். விதி ஏடு: மனிதர் வாழ்க்கை முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டிருக்கும். ஏடு என்ன சொல்கிறது என்று ஒரு பாத்திரம் புரட்டினால், அடுத்த பத்து எபிசோடும் அந்த வரியை மாற்றுவதற்கான போராட்டம்தான். அமரரைத் தள்ளும் மேடை, அல்லது அவர்கள் குதிக்கும் மேடை, தேவலோகத்தில் எங்கோ ஓர் ஓரத்தில் இருக்கும். அதைக் காட்டிவிட்டார்கள் என்றால் கைக்குட்டையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கதைகளை ஒருமுறை கேட்டுவிடுங்கள்

இது கட்டாயமில்லை, ஆனால் ஒரு மாலை ஒதுக்கினால் போதும், பலன் பெரிது. இரண்டு கதைகள்.

ஒன்று, மாடு மேய்ப்பவனும் நெசவுப் பெண்ணும். அவள் தேவலோகத்து நெசவாளி, அவன் ஏழை மனிதன். பிள்ளைகளும் பிறந்தபின் பிரிக்கப்படுகிறார்கள், நடுவில் பால்வீதி ஆறாக ஓடுகிறது. ஆண்டுக்கு ஒரு முறை, சீன நாட்காட்டியில் ஏழாம் மாதம் ஏழாம் நாள், பறவைகள் கூடிப் பாலம் அமைக்கும். அன்றுதான் ச்சிஷி திருநாள்.

இன்னொன்று, வெள்ளைப் பாம்பு. பல நூற்றாண்டு தவம் செய்து பெண்ணுருப் பெற்ற பாய் சூஜென், ஹாங்சோ நகரின் மேற்கு ஏரியில் மழை நாளில் குடை ஒன்றின் வழியாக ஷூ ஷியன் என்ற சாதாரண இளைஞனைச் சந்திக்கிறாள். மருந்துக்கடை வைத்து இருவரும் குடும்பம் நடத்துகிறார்கள். ஃபா ஹாய் என்ற துறவி, மனிதனும் மனிதரல்லாதவளும் சேரக்கூடாது என்று வந்து நின்று, அவளை லெய்ஃபெங் கோபுரத்தின் அடியில் அடைக்கிறார். உண்மையான லெய்ஃபெங் கோபுரம் 1924இல் இடிந்து, 2002இல் மீண்டும் கட்டப்பட்டது. இன்றும் ஏரிக்கரையில் அதைப் பார்க்கலாம். இந்தக் கதையை 1992இல் தைவானில் 50 எபிசோடு தொடராக எடுத்தபோது நாயகன் ஷூ ஷியனாக நடித்தது சிசிலியா யிப் என்ற நடிகை. சீனாவில் ஒரு தலைமுறைக்கே அந்தத் தொடர் மனப்பாடம்.

இன்று வரும் ஷியன்ஷியா காதல்களில் வரும் கண்டிப்பான குருமார், தேவலோகச் சட்டம், பிரிக்கும் ஆறு, அடைக்கும் கோபுரம் எல்லாவற்றுக்கும் இங்கே வேர் இருக்கிறது.

சப்டைட்டிலோடு காதையும் திறந்து வையுங்கள்

ஆங்கில சப்டைட்டில் எல்லா அண்ணனையும் தம்பியையும் 'பிரதர்' என்று ஒன்றாக்கிவிடும். சீனர்களுக்கு நம்மைப் போலவே மூத்தவர் இளையவர் பேதம் முக்கியம். 'கெகெ' அண்ணன், 'தீதி' தம்பி, 'ஜியெஜியெ' அக்கா, 'மெய்மெய்' தங்கை. ஒரே குருவிடம் படித்தவர்களுக்கு 'ஷிஷியோங்' மூத்த சகமாணவன், 'ஷிமெய்' இளைய சகமாணவி. குரு 'ஷிஃபு'. ஒருத்தி நேற்றுவரை 'ஷிஃபு' என்று அழைத்தவரை இன்று பெயர் சொல்லி அழைத்தால், அந்த ஒரு சொல்லில் உலகம் மாறியிருக்கிறது. இந்த வேறுபாடு தமிழ்க் காதுக்கு எளிதில் பிடிபடும், இதை வீணாக்காதீர்கள்.

உதட்டசைவு சற்று ஒட்டாமல் இருப்பதைக் கண்டு திகைக்க வேண்டாம். சீன வரலாற்று, மந்திரத் தொடர்களில் பின்னணிக் குரல் கலைஞர்கள் பேசுவது நெடுநாள் வழக்கம். பியென் ஜியாங், ஜி குவான்லின் போன்ற குரல் கலைஞர்களுக்கென்றே ரசிகர்கள் உண்டு. நாலைந்து தொடர் பார்த்தபின் குரலை வைத்தே நீங்கள் அடையாளம் கண்டுவிடுவீர்கள்.

நேரமும் இடமும்

ஓர் எபிசோடு ஏறக்குறைய 45 நிமிடம். முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் நீங்கினால் 40. சீன ஒளிபரப்பு ஆணையம் 2020 பிப்ரவரியில், தொடர்கள் 40 எபிசோடுக்கு மேல் போகக்கூடாது என்று அறிவுறுத்தியது. அதனால் அதன் பிறகு உருவானவை பெரும்பாலும் 40க்குள் நிற்கும், பெரிய கதையானால் இரண்டு பகுதியாகப் பிரித்துவிடுகிறார்கள். முந்தையவை 58, 63 என்று நீளும். நாளைக்கு இரண்டு எபிசோடு என்று வைத்தால் 40 எபிசோடு தொடர் மூன்று வாரத்தில் முடியும். அதற்குமேல் ஒரே மூச்சில் பார்ப்பதை நான் ஊக்கப்படுத்த மாட்டேன். பிரிவுகள் நீண்ட கதை, நடுவில் நமக்கும் சற்று இடைவெளி இருந்தால்தான் அந்தப் பிரிவு உறைக்கும்.

ஐச்சியியின் பன்னாட்டுத் தளம், ரசிகர்களே தன்னார்வமாகச் சப்டைட்டில் எழுதும் விக்கி (Viki) தளம், தயாரிப்பு நிறுவனங்களின் அதிகாரபூர்வ யூடியூப் அலைவரிசைகள் ஆகியவற்றில் தேடுங்கள். வீ டிவி செயலி, இந்திய அரசு 2020 நவம்பரில் தடை செய்த 43 செயலிகளில் ஒன்று. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அது உதவும். ஒரே தொடருக்கு இரண்டு இடத்தில் சப்டைட்டில் இருந்தால், முதல் எபிசோடை இரண்டிலும் ஐந்து நிமிடம் பார்த்து, பெயர்களை ஒரே மாதிரி எழுதும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

தொடங்குமுன் முடிவு இன்பமா துன்பமா என்று மட்டும் தெரிந்துகொள்வதில் தவறில்லை. ரசிகர்கள் ஹெச்.இ., பி.இ. என்று குறிப்பார்கள். முதலாவது மகிழ்ச்சியான முடிவு, இரண்டாவது மாறானது. மனம் சோர்ந்திருக்கும் மாதத்தில் பி.இ. வேண்டாம்.

மூன்றாவதாக எதைப் பார்ப்பது?

இரண்டு வழி. காட்சி அழகும் அரசியலும் வேண்டுமென்றால் 2023இல் வந்த 40 எபிசோடு தொடர் 'டில் தி எண்ட் ஆஃப் தி மூன்'. அமரர் குலத்துப் பெண் ஒருத்தி 500 ஆண்டு பின்னே போய், ஒரு மனிதப் பெண்ணின் உடலில் புகுந்து, பின்னாளில் அசுர தெய்வமாகப் போகிறவனை அவன் இன்னும் பலவீனமான பணய இளவரசனாக இருக்கும்போதே தடுக்க முயல்கிறாள். லுவோ யுன்ஷி, பாய் லூ இருவரின் நடிப்பும் கனமானது. உடைகளிலும் அரங்கங்களிலும் துன்ஹுவாங் குகை ஓவியங்களின் சாயலைக் காணலாம்.

அமரர்-மனிதர் காதலின் கூர்மையான வடிவம் வேண்டுமென்றால் 2015இல் வந்த 'ஜர்னி ஆஃப் ஃபிளவர்'. ஜாவ் லியிங் நடித்த ஹுவா ச்சியென்கு, தாய் தந்தை இல்லாத மனிதப் பெண். வாலஸ் ஹுவோ நடித்த பாய் ஸிஹுவா, சாங்லியூ மலைப் பள்ளியின் தலைமை அமரர், அவளுடைய குரு. அவரது உயிருக்கே உலைவைக்கும் சோதனையாக விதி எழுதியிருப்பது அவளைத்தான். அந்த மலையில் ஒரு குளம் இருக்கிறது. மனத்தில் ஆசை வைத்தவர் உடலை அதன் நீர் எரிக்கும், ஆசை இல்லாதவருக்கு அது வெறும் நீர். வரைகலை இன்றைய தரத்துக்குப் பழையதாகத் தெரியும், முதல் சில எபிசோடு மெதுவாகப் போகும். பொறுத்துக்கொண்டு, குளம் வரும் காட்சி வரையாவது பாருங்கள்.